சென்னையில் எம்.இ.பி. கான்ட்ராக்ட் தொழில்: ஆர்டர் குவிகிறது, எடுக்கலாமா?

அம்பத்தூர்_பேனல்

எல்லோருக்கும் வணக்கம். எம்.இ.பி., அதாவது கட்டடங்களுக்கு எலெக்ட்ரிகல், ஏ.சி., பிளம்பிங் செய்து தரும் கான்ட்ராக்ட் தொழிலில் இருப்பவர்களிடம் யோசனை கேட்க வேண்டும். அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் பேனல் போர்டு செய்து ஆரம்பித்த நிறுவனம் எங்களுடையது. அப்புறம் தொழிற்சாலை வயரிங், ஆபீஸ் இன்டீரியர், வி.ஆர்.எஃப். ஏ.சி. (ஒரே அவுட்டோர் யூனிட்டில் பல அறைகளைக் குளிர்விப்பது) என்று வளர்ந்தது. இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். வருடத்துக்கு 20 கோடி ரூபாயை ஒட்டி வேலை செய்கிறோம். பேங்க் ஓ.டி. (ஓவர்டிராஃப்ட் கடன் வரம்பு) 2 கோடி.

விசாரணைகள் இந்த அளவுக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஓ.எம்.ஆரிலும் கிண்டியிலும் வெளிநாட்டுக் கம்பெனிகளின் ஆபீஸ் வேலை, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகள், பழைய ஆஸ்பத்திரி ஒன்றில் சில்லர் (பெரிய கட்டட ஏ.சி.க்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) மாற்றும் வேலை. எல்லாவற்றையும் விடப் பெரியது ஒன்று: சிறுசேரியில் ஒரு டேட்டா சென்டர். மெயின் கான்ட்ராக்டர் எங்களைக் கூப்பிட்டு கேபிள் ட்ரே, கேபிள் லேயிங், எர்த்திங், லைட்டிங் பேக்கேஜை மெட்டீரியலோடு சேர்த்து எடுக்கச் சொல்கிறார். 14 கோடி, பத்து மாத வேலை. 10 சதவீதம் அட்வான்ஸ், அதற்கு பேங்க் கேரண்டி. ஒவ்வொரு பில்லிலும் 5 சதவீதம் ரிட்டென்ஷன், அதாவது கடைசியில் திருப்பித் தரும் பிடித்தம். பில் சர்டிஃபை ஆனதிலிருந்து (சரிபார்த்து ஏற்றுக்கொண்டதிலிருந்து) 60 நாளில் பணம். விலை மாறாது.

தம்பி எடுக்கலாம் என்கிறான். ஒரு டேட்டா சென்டர் பெயர் கையில் இருந்தால் அடுத்த வாசல் திறக்கும் என்பது அவன் வாதம். எனக்குத் தயக்கம். அடுத்த மூன்று நான்கு வருடம் இந்தத் தொழில் எப்படிப் போகும், எங்கள் அளவு நிறுவனம் எங்கே நிற்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோவை_சில்லர்

வேலை வரும், அதில் சந்தேகம் வேண்டாம். கடல் கேபிள்கள் கரையேறும் ஊர் என்பதால், டேட்டா சென்டர் விஷயத்தில் மும்பைக்கு அடுத்த இடத்தில் இருப்பது சென்னைதான். 2021இல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எத்தனை கட்டடம் எழும்பியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆலைகளைப் பாருங்கள்: தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, ராணிப்பேட்டை பனப்பாக்கத்தில் டாட்டா மோட்டார்ஸ் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் போட்டார்கள், ஓசூர் பக்கம் டாட்டா எலெக்ட்ரானிக்ஸ்.

ஆலை என்றால் ஆலைக்குள் இருக்கும் வேலை மட்டும் இல்லை. வல்லம் வடகாலில் 2024இல் சிப்காட் திறந்த பெண் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அத்தனை பேருக்கும் குளிக்கத் தண்ணீர், கழிவுநீர் சுத்திகரிப்பு, சமையல்கூட எக்ஸாஸ்ட், லிஃப்ட், ஃபயர் லைன், டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) செட். எல்லாமே நம் தொழில்தான். மெட்ரோ இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர். அங்கே டன்னல் வென்டிலேஷன், ஸ்டேஷன் ஏ.சி. எல்லாம் பெரிய கம்பெனிகளுக்குப் போனாலும் கீழே இறங்கி வரும் வேலை நிறைய.

ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் வேறு. வேலை எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்து இந்தத் தொழிலின் எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது. நம்மவர்களில் மூடிப்போனவர்களை எண்ணிப் பாருங்கள். வேலை இல்லாமல் மூடியவர்கள் குறைவு. கை நிறைய வேலை இருக்கும்போது கடையைச் சாத்தியவர்கள்தான் அதிகம். எடுத்த வேலைக்குப் பணம் எப்போது வரும், அதுவரை யார் காசில் வேலை ஓடும், செய்ய ஆள் எங்கே என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு 14 கோடியைப் பற்றிப் பேசலாம்.

ஆர்ஏ_பில்

டேட்டா சென்டர் ப்ராஜெக்டுகளில் பில்லிங் இன்ஜினியராக இருக்கும் பெண் நான், மெயின் கான்ட்ராக்டர் தரப்பில். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆபீஸ் இன்டீரியரில் லைட் எரிந்தது, ஏ.சி. குளிர்ந்தது, ஸ்னாக் லிஸ்ட் (சரிசெய்ய வேண்டிய குறைகளின் பட்டியல்) முடிந்தது என்றால் ஹேண்டோவர். டேட்டா சென்டரில் அப்படி இல்லை. சோதனையை ஐந்து படியாகப் பிரித்திருப்பார்கள். தொழிற்சாலையில் சோதனை, சைட்டில் இறக்கும்போது சோதனை, பொருத்திய பின் முதல் இயக்கம், ஒவ்வொரு அமைப்பும் தனித்தனியாக, கடைசியில் எல்லாம் சேர்த்து. அந்த ஐந்தாவது படியில் லோட் பேங்க் வைத்து முழுச் சுமை ஏற்றி, வேண்டுமென்றே கரண்டை நிறுத்தி, யூ.பி.எஸ். தாங்குகிறதா, டி.ஜி. வருகிறதா, சில்லர் திரும்ப ஓடுகிறதா என்று பார்ப்பார்கள். எங்கேயாவது ஒரு சிக்னல் தவறினால் மறுபடியும் முதலிலிருந்து.

உங்கள் பணம் இதில் எங்கே மாட்டும் என்றால், பில் தொகையில் ஒரு பங்கை டெஸ்டிங், கமிஷனிங் என்று ஒதுக்கியிருப்பார்கள். நீங்கள் கேபிள் இழுத்து, டெர்மினேஷன் (முனைகளை இணைப்பது) முடித்து, மெகர் (இன்சுலேஷன் சோதனை) ரிப்போர்ட் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் பி.எம்.எஸ். (கட்டட இயக்கத்தைக் கண்காணிக்கும் அமைப்பு) போடும் ஏஜென்சி பிந்தினாலோ, ஜெனரேட்டர் கப்பலில் இருந்தாலோ ஐந்தாம் படி நடக்காது. அது நடக்கும்வரை உங்கள் பங்கு நிற்கும். டீமையும் சைட்டில் வைத்திருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் 'எங்கள் வேலைக்கான சோதனை முடிந்ததும் அந்தப் பங்கு கொடுக்கப்பட வேண்டும். மற்ற ஏஜென்சி தாமதத்தோடு அதைக் கட்டக் கூடாது' என்று எழுதி வாங்குங்கள். கேட்பவருக்குப் பல நேரம் கிடைத்திருக்கிறது. வேலை ஆரம்பித்த பிறகு கேட்டவருக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. கட்டட வேலை இரண்டு மாதம் தள்ளிப் போனால் முடிக்கும் தேதி தள்ளாது. அந்த இரண்டு மாதத்தையும் நம் நாட்களிலிருந்துதான் எடுப்பார்கள். எம்.இ.பி. கடைசியில் வருவதால் நேர்வது இது. ஃப்ரண்டை (நாம் வேலை தொடங்கத் தயாரான இடத்தை) எந்தத் தேதியில் கொடுத்தார்கள் என்பதை ஒவ்வொரு தளத்துக்கும் ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். ஓவர்டைம் கேட்கும் உரிமை அந்த ஈமெயிலில்தான் இருக்கிறது.

வரவு_செலவு

கான்ட்ராக்டர்கள் பலருக்குக் கணக்குப் பார்க்கும் ஆடிட்டர் நான். அம்பத்தூர் நண்பர் எண்களைக் கொடுத்திருப்பதால் எண்ணிலேயே பேசலாம்.

முதலில் 1 கோடி ரூபாய் பில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டீரியல் 65 லட்சம், லேபர் 20, சைட் செலவு 5 என்று வைத்தால் மிச்சம் 10 லட்சம். இதில் 5 லட்சம் ரிட்டென்ஷனாகப் பிடிப்பார்கள். அதாவது லாபத்தில் பாதி, வேலை முடிந்து டி.எல்.பி. (குறை வந்தால் நாமே சரிசெய்து தர வேண்டிய காலம்) தீரும்வரை உங்கள் கைக்கு வராது. டி.டி.எஸ். 2 லட்சம், அது திரும்பும், ஆனால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வரும்போது. ஜி.எஸ்.டி. 18 லட்சம் பில்லில் ஏறும். மெட்டீரியலுக்குக் கட்டிய 11 லட்சத்து 70 ஆயிரம் கிரெடிட் போக, 6 லட்சத்து 30 ஆயிரத்தை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் ரொக்கமாகக் கட்ட வேண்டும். உங்களுக்குப் பணம் வந்ததா இல்லையா என்று ஜி.எஸ்.டி. கேட்காது. 90 லட்சத்தை மூன்று மாதம் 12 சதவீத வட்டியில் சுமந்தால் 2 லட்சத்து 70 ஆயிரம். ஆபீஸ் வாடகை, உங்கள் சம்பளம் எதையும் இன்னும் நான் தொடவில்லை.

இப்போது 14 கோடி. மாதம் 1.4 கோடி பில். மாத முடிவில் பில் போட்டு, சர்டிஃபை ஆக 20 நாள், அப்புறம் 60 நாள் என்றால் முதல் மாத வேலைக்குப் பணம் வருவது ஏறத்தாழ 110ஆம் நாள். அதற்குள் நீங்கள் இறக்கியிருக்கும் செலவு 4.6 கோடி, ஜி.எஸ்.டி. இன்னொரு 26 லட்சம். அட்வான்ஸ் 1.4 கோடி, சப்ளையர் ஒரு மாதக் கடன் தந்தால் 90 லட்சம், இரண்டையும் கழியுங்கள். உங்கள் பையிலிருந்து சுமார் இரண்டரைக் கோடி வேண்டும். சர்டிஃபிகேஷன் ஒரு மாதம் தள்ளினால் 4 கோடியை நெருங்கும். உங்கள் ஓ.டி. 2 கோடி, அதில் நடக்கும் வேலைகள் ஏற்கெனவே ஒரு பங்கை எடுத்திருக்கும். அட்வான்ஸுக்குக் கொடுக்கும் பேங்க் கேரண்டிக்கும் மார்ஜின் பணத்தை டெபாசிட்டில் வைக்கச் சொல்வார்கள். அட்வான்ஸ் வாங்கும்போதே அதற்கும் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எடுக்கலாம் என்றால் எடுங்கள். பார்க்காமல் எடுக்காதீர்கள்.

அம்பத்தூர்_பேனல்

ஆடிட்டர் சார், இதைத் தம்பிக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அமைதியாகிவிட்டான். ஒரு சந்தேகம். நாங்கள் உத்யம் பதிவு செய்த சிறு நிறுவனம். 45 நாளில் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே, 60 நாள் என்று எழுதினால் அது செல்லுமா?

வரவு_செலவு

நல்ல கேள்வி, பாதிப் பேர் இதில் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிலுவை வைத்தால், அந்தத் தொகையை வாங்குபவர் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது, கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். மார்ச் மாதம் மட்டும் போன் போடாமலேயே பணம் வருவதற்கு இதுதான் காரணம். 2025 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனத்துக்கான விற்பனை வரம்பை 100 கோடியாக உயர்த்தியதால் நம் தொழிலில் நிறையப் பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

சிக்கல் எங்கே என்றால், பொருளும் உழைப்பும் சேர்ந்த வொர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு இந்த 2006 சட்டம் பொருந்துமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்புச் சொல்லவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றம் பொருந்தாது என்றிருக்கிறது. அதனால் சட்டம் இருக்கிறது என்று 60 நாளுக்குத் தலையாட்டிவிட்டு, பிறகு அந்தச் சட்டப்படி நிலுவைப் புகாரைக் கேட்கும் கவுன்சிலுக்குப் போகலாம் என்று நினைக்க வேண்டாம். 45 என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நாள் எண்ணுவது பில் கொடுத்த தேதியிலிருந்தா, சர்டிஃபை ஆன தேதியிலிருந்தா என்பது அதைவிட முக்கியம். சர்டிஃபை செய்ய எத்தனை நாள் என்று கெடு இல்லாவிட்டால் 45 என்பதற்கு அர்த்தமே கிடையாது. 'பில் கொடுத்த 10 நாளில் பதில் சொல்லாவிட்டால் சர்டிஃபை ஆனதாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி.

முடிந்தால் பொருளையும் வேலையையும் இரண்டு ஆர்டராகக் கேளுங்கள். பொருள் சப்ளை ஆர்டருக்கு 45 நாள் சட்டத்தில் வாதம் வலுவாக நிற்கும். முன்பு ஏ.சி. மெஷினுக்கு 28 சதவீதம் வரி கட்டி வாங்கி 18இல் பில் போட்டு, கிரெடிட் தேங்கிக் கிடந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 ஆகிவிட்டதால் அந்தத் தலைவலி தீர்ந்தது.

பிஎம்சி_கிண்டி

ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் கன்சல்டன்சியில் இருக்கிறேன். பில்லைத் தாமதப்படுத்துவது நாங்கள்தான் என்று எல்லோரும் நினைப்பது தெரியும். சில இடத்தில் உண்மையும்தான். ஆனால் என் மேஜைக்கு வரும் ஆர்.ஏ. பில்களில் (வேலை நடக்க நடக்கப் போடும் பில்) பெரும்பாலானவை முதல் முறையே சரியாக வருவதில்லை. ஜாயின்ட் மெஷர்மென்ட் தாளில் கையெழுத்து இல்லை. கேபிள் நீளம் டிராயிங்கோடு ஒத்துப் போகாது. எக்ஸ்ட்ரா ஐட்டத்துக்கு அப்ரூவல் இல்லாமல் ரேட் போட்டிருக்கும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான் இணைத்திருக்க மாட்டார்கள். இப்படித் திருப்பி அனுப்பினால் இரண்டு வாரம் போய்விடும்.

20 கோடி நிறுவனங்களில் சைட்டுக்கு இன்ஜினியர் இருப்பார், சூப்பர்வைசர் இருப்பார், பில் போட மட்டும் தனி ஆள் இருக்க மாட்டார். ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்ப்பவரே மாதக் கடைசியில் பில்லும் போடுவார். 14 கோடி வேலைக்கு முழு நேரமும் சைட்டில் உட்காரும் ஒரு பில்லிங் இன்ஜினியரின் சம்பளம், ஆடிட்டர் மேலே போட்ட ஒரு மாத வட்டியை விடக் குறைவு. இதை நான் கண்டிக்கச் சொல்லவில்லை, பணம் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறையில் சொல்கிறேன்.

முடிந்தால் சப் கான்ட்ராக்டாகப் போகாமல் உரிமையாளரிடம் நேரடி ஏஜென்சியாகப் பதிவாகுங்கள். பன்னாட்டுக் கம்பெனிகளின் ஆபீஸ் வேலைகளில் இது நடக்கிறது. மதிப்பு சின்னதாக இருக்கும், பணம் ஒரு கை குறைவாக மாறி வரும்.

சிங்கை_பிளானர்

சிங்கப்பூரில் எம் அண்ட் இ கம்பெனியில் பிளானிங் பார்க்கிறேன், அதற்கு முன்பு தோஹா. மெயின் கான்ட்ராக்டருக்குப் பணம் வந்தால்தான் உனக்கு என்ற நிபந்தனை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 'பேக் டு பேக்' என்று ஒரு வரியில் மறைந்திருக்கும்.

இங்கே அந்த நிபந்தனை செல்லாது. சிங்கப்பூரில் 2004இல் கட்டுமானத் தொழிலுக்கென்றே பணப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தார்கள். பில்லுக்குப் பதில் வராவிட்டால் நடுவரிடம் போகலாம், சில வாரத்தில் முடிவு வரும், முதலில் பணத்தைக் கொடு, சண்டை பிறகு. பிரிட்டனில் 1996 சட்டத்திலேயே இதே மாதிரி ஏற்பாடு. அப்படியிருந்தும் அங்கே 2018 ஜனவரியில் கரிலியன் என்ற மாபெரும் கான்ட்ராக்டர் விழுந்தபோது சுமார் 30,000 சப்ளையர், சப் கான்ட்ராக்டர்களின் பணம் மாட்டியது. 120 நாள் வரை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நிறுவனம் அது. இந்தியாவில் இந்த மாதிரிச் சட்டம் இல்லை. இந்தத் தொழில் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரிச் சலுகை எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொரு விஷயம். சிங்கப்பூர் அரசு மின்சாரமும் நிலமும் போதாது என்று 2019இலிருந்து 2022 வரை புதிய டேட்டா சென்டர்களை நிறுத்தி வைத்தது. வேலை ஜோகூருக்கு ஓடியது. அதை மட்டுமே நம்பியிருந்த டீம்கள் கலைந்தன. சென்னையில் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஒரே வகைக் கட்டடத்தை நம்பி ஆள் எடுக்காதீர்கள் என்கிறேன்.

வேளச்சேரி_விஆர்எஃப்

எல்லோரும் பயமுறுத்துவது போல இருக்கிறது. நான் தம்பி பக்கம்.

ஏ.ஐ. சர்வர்கள் வந்த பிறகு ஒரு ரேக்கின் வெப்பமே மாறிவிட்டது. முன்பு 5, 10 கிலோவாட். இப்போது 40க்கு மேல் எல்லாம் கேட்கிறார்கள். காற்றை ஊதி அதைக் குளிர்விக்க முடியாது. சிப்புக்கு மேலேயே திரவத்தைக் கொண்டுபோக வேண்டும். அப்படியானால் டக்ட் வேலை குறையும், பைப் வேலை கூடும். எஸ்.எஸ். பைப், ஆர்பிட்டல் வெல்டிங், உள்ளே ஒரு துகள் இல்லாமல் ஃப்ளஷிங். இதைச் செய்யத் தெரிந்த டீம் ஊரில் எத்தனை இருக்கிறது? இப்போது உள்ளே போய்க் கற்றுக்கொண்டவர்களுக்கு ஐந்து வருடம் கழித்து மரியாதை. ஆஸ்பத்திரி சில்லரைக் கட்டிக்கொண்டு இருந்தால் இந்தக் கல்வி எப்படி வரும்?

கோவை_சில்லர்

வேளச்சேரித் தம்பி, கற்றுக்கொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு முழுதாக உடன்படுகிறேன். ஆனால் அம்பத்தூர் நண்பருக்கு வந்திருக்கும் பேக்கேஜ் கேபிள் ட்ரேயும் எர்த்திங்கும். அதில் திரவக் குளிரூட்டல் எங்கே இருக்கிறது? 14 கோடிக்கு அவர் கற்றுக்கொள்ளப் போவது, கடன் வாங்கி இன்னொருவர் ப்ராஜெக்டை நடத்துவது எப்படி என்பதை. கற்பதற்காகப் போவதென்றால் இரண்டு கோடியில் ஒரு பைப்பிங் பேக்கேஜ் கேளுங்கள். நஷ்டம் வந்தாலும் கம்பெனி நிற்கும்.

பழைய கட்டடத்துச் சில்லரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஓ.எம்.ஆரில் ஐ.டி. பூங்காக்கள் வந்து இருபது வருடம் தாண்டுகிறது. டைடல் பார்க் திறந்தது 2000இல். அந்தக் காலத்துச் சில்லர், பம்ப், பேனல் எல்லாமே மாற்றும் வயதில் இருக்கின்றன. ஆள் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும்போதே, சனி ஞாயிறு இரவுகளில், ஏ.சி. நிற்காமல் மாற்ற வேண்டும். வெளியூர்ப் பெரிய கம்பெனிகள் இதற்கு வரத் தயங்கும். விலையை நாம் சொல்லலாம். ஓனர் நேரடியாகக் கொடுப்பார், கரண்ட் பில் குறைவது அவர் கண்ணுக்கே தெரியும். அடுத்த வேலையும் அவரே தருவார்.

திருச்சி_ஏஎம்சி

கோவை அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் மூன்றில் ஒரு பங்கு வருமானத்தை ஏ.எம்.சி.யிலிருந்து (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுக்கிறோம். மாதாமாதம் வரும், தொகை சின்னது, ஆனால் ஆட்களின் சம்பளம் அதிலேயே போய்விடும். ப்ராஜெக்ட் பணம் தாமதமானாலும் இரவில் தூக்கம் வருகிறது.

இதற்கும் காலம் நன்றாக இருக்கிறது. பழைய ஏ.சி.களில் குளிரூட்டும் ஆர்-22 கேஸ் 2030க்குள் முடிய வேண்டும். இப்போதே பழைய மெஷின்களுக்கு அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதற்குப் பின் வந்த எச்.எஃப்.சி. கேஸ்களுக்கும் கிகாலி ஒப்பந்தப்படி (இந்தக் கேஸ்களைப் படிப்படியாகக் குறைக்கும் உலக உடன்பாடு) இந்தியாவில் 2028இல் உச்சவரம்பு, 2032இல் முதல் 10 சதவீதக் குறைப்பு. அதாவது இன்று நாம் மாட்டும் மெஷினுக்கும் அதன் ஆயுளுக்குள்ளேயே கேஸ் பேச்சு வரும். இதையெல்லாம் வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவரிடம்தான் ஏ.எம்.சி. நிற்கும்.

டி.ஜி. பக்கமும் அப்படித்தான். 800 கிலோவாட் வரை நான்காம் பிளஸ் மாசு விதி வந்த பிறகு புது ஜெனரேட்டர்களில் எலெக்ட்ரானிக்ஸும் புகைச் சுத்திகரிப்பும் சேர்ந்துவிட்டன. ஸ்பானர் மட்டும் வைத்துப் பழகிய மெக்கானிக் லேப்டாப்பைத் தொட வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை ஆட்கள். ஐ.டி.ஐ. முடித்த பையன் இரண்டு வருடம் நம்மிடம் தொழில் கற்று வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறான். போவதைத் தவறு என்று சொல்ல மாட்டேன், குடும்பம் நிமிர வேண்டும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வரும் பையன்கள் நன்றாக உழைக்கிறார்கள். ஆனால் தீபாவளி, சத் பூஜை, ஹோலி, தேர்தல் என்று ஊருக்குப் போனால் சைட் காலி. டேட்டா சென்டரில் 80 பேர் வேண்டும் என்று ஒப்புக்கொண்டு 50 பேர் நின்றால் அபராதம் யார் தலையில்? நாங்கள் ஐந்து வெல்டர்களுக்கும் மூன்று ஏ.சி. டெக்னீஷியன்களுக்கும் வீட்டு வாடகையில் ஒரு பங்கு கொடுக்கிறோம், பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸில் கொஞ்சம். அவர்கள் யாரும் போகவில்லை. டெண்டரில் விலை குறைக்கும்போது முதலில் கை வைப்பது லேபர் ரேட்டில்தான். அதை எல்லோரும் நிறுத்தினால் தேவலை.

ஆர்ஏ_பில்

திருச்சி அண்ணா சொன்னது நூற்றுக்கு நூறு. எங்கள் சைட்டில் ஒரு நல்ல ஃபோர்மேன் விலகினால் டிராயிங் மாறியதை விடப் பெரிய தாமதம் வருகிறது.

விலை மாறாது என்ற நிபந்தனையைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேபிள் உங்கள் பொறுப்பு என்றால் அதுதான் பெரிய ஆபத்து. லண்டன் உலோகச் சந்தையில் காப்பர் 2020 மார்ச்சில் டன் 5,000 டாலருக்குக் கீழே இருந்தது. 2024 மே மாதம் 11,000ஐத் தாண்டியது. 2025 கடைசியில் அந்த உச்சத்தையும் மீறிப் போனது. பத்து மாத வேலையில் கேபிள் கடைசி நான்கு மாதத்தில்தான் வாங்குவீர்கள். உங்கள் 10 சதவீத லாபம் காப்பர் ஒரு தும்மல் தும்மினால் போய்விடும்.

அம்பத்தூர்_பேனல்

எல்லோருக்கும் மனப்பூர்வமான நன்றி. ஒப்பந்த வரைவைத் திரும்பப் படித்தேன். சிங்கை நண்பர் சொன்ன 'பேக் டு பேக்' வரி 31ஆவது பக்கத்தில் இருக்கிறது. தம்பியும் நானும் பேசி முடிவு செய்தது இது.

14 கோடியாக எடுக்க மாட்டோம். கேபிளை அவர்களே வாங்கித் தரட்டும். இழுப்பது, டெர்மினேஷன், ட்ரே, எர்த்திங் மட்டும் எங்களுடையது என்று கேட்கப் போகிறோம். அப்போது மதிப்பு 5 கோடிக்குள் வந்துவிடும். பில் கொடுத்த தேதியிலிருந்து 45 நாள். சோதனைப் பங்கு எங்கள் சோதனையோடு முடிய வேண்டும். 'பேக் டு பேக்' நீக்கப்பட வேண்டும். பில்லிங் இன்ஜினியரை எடுக்கப் போகிறோம், இந்த வேலை வந்தாலும் வராவிட்டாலும். ஆஸ்பத்திரி சில்லர் வேலையை எடுத்தாயிற்று, ஏ.எம்.சி.யோடு சேர்த்து ஐந்து வருடத்துக்குப் பேசுகிறோம்.

ஒரு கேள்வி பாக்கி. கேபிளை அவர்கள் தருவதென்றால் வேஸ்டேஜ் கணக்கில் தகராறு வருமா?

பிஎம்சி_கிண்டி

வரும், நிச்சயமாக வரும். ஃப்ரீ இஷ்யூ (அவர்களே வாங்கித் தரும்) கேபிளில் கடைசி பில்லில் பிடிப்பது அங்கேதான். எத்தனை சதவீதம் வேஸ்டேஜ் அனுமதி என்பதை ஒவ்வொரு சைஸுக்கும் தனியாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். ஒவ்வொரு டிரம்மும் வரும்போது நீளத்தை அவர்கள் ஸ்டோர் ஆள் முன்னால் சரிபார்த்துக் கையெழுத்து வாங்குங்கள். டிரம்மில் எழுதியிருக்கும் மீட்டரை அப்படியே நம்ப வேண்டாம். வெட்டுவதற்கு முன் கட்டிங் ஷெட்யூல் போட்டு எங்களிடம் அப்ரூவல். மிச்சத் துண்டுகளை வாராவாரம் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள், வேலை முடியட்டும் என்று சைட் ஓரத்தில் குவிக்காதீர்கள். காப்பர் இருக்கும் விலையில் இரவில் காணாமல் போகும், பிடித்தம் உங்கள் பெயரில் விழும்.